பலகை மாறியது... பழக்கம் மாறியதா?



"இது விஞ்ஞான யுகம், கம்ப்யூட்டர் யுகம்" என்றுதான் எந்த மேடையிலும் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படியே ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டி, போட்டோ இருக்கும் பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அதனால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். பெண்ணாடத்தைச் சுற்றி வெள்ளாற்றுப் பக்கம் கரும்பு வயலைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை என்னவென்று தெரியும். சோகை கிழித்த கோடு இல்லாத கையை எங்கள் தெருவில் பார்க்க முடியாது. நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்று அப்பா விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்தார். எங்கள் வீட்டிலிருந்து பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வீட்டில் பாடம் கேட்க ஆள் இல்லாதவர்களுக்கு வகுப்பறை ஒன்றுதான் கதி. அங்கே புரியவில்லை என்றால் வேறு எங்கேயும் புரியாது. அதற்காகச் சொல்கிறேன்.

முதலாம் ஆண்டு. இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பு. ஜன்னலை எல்லாம் சாத்தி, லைட்டை அணைத்து, புரொஜெக்டர் போட்டார்கள். திரையில் படம் பளபளவென்று வந்தது. முன்பக்கத் தோற்றம், மேல் தோற்றம், பக்கத் தோற்றம் என்று ஸ்லைடுகள் ரயில்பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக ஓடின. கடைசியில் "புரிஞ்சுதா?" என்று ஒரு கேள்வி. "புரிஞ்சுது சார்!" என்று அறுபது பேரும் ஒரே குரலில் சொன்னோம். நானும் சொன்னேன். அந்த மாதத் தேர்வில் ஐம்பதுக்கு நான் வாங்கியது ஒன்பது!

அன்றைக்கு ராத்திரி அம்மாகிட்ட, "நான் திருப்பூர் பனியன் கம்பெனிக்கே போயிடறேம்மா" என்று சொன்னது உண்மை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் அதே பாடத்தை வேறொரு மேடம் எடுத்தார்கள். வந்ததும் ஸ்லைடு போடவில்லை. "பெண்ணாடத்துப் பிள்ளைங்க யாரு?" என்றார்கள். நாலு பேர் எழுந்தோம். "உங்க ஊர் சிவன் கோயில் விமானத்தை மேலேர்ந்து பார்த்தா எப்படி இருக்கும்? ஏ, வட்டம். பி, சதுரம். சி, ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைஞ்சும் இருக்கும். எல்லாரும் நோட்டில் எழுதுங்க. யாரும் யாரையும் பார்க்கக் கூடாது."

பிறந்ததிலிருந்து பார்க்கிற கோயில்! தூங்கும் யானையின் முதுகு மாதிரி விமானம் இருப்பதால்தான் 'தூங்கானை மாடம்' என்று பெயர் என்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் எழுதியது 'பி'. வகுப்பில் பாதிக்கு மேல் தப்பு. மேடம் விடையைச் சொல்லவில்லை. "பக்கத்தில் இருக்கிறவங்களோட சண்டை போடுங்க" என்றார்கள். வகுப்பு சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. பிறகு தன் செல்போனில் ஜியோஜீப்ரா என்ற செயலியைத் திறந்து, ஒரு பெட்டியையும் அதன் பின்னால் ஒரு பாதி உருளையையும் ஒட்டவைத்து, போனை என் கையில் கொடுத்து, "நீயே திருப்பிப் பாரு" என்றார்கள்.

விரலால் திருப்பினேன். மேலிருந்து பார்த்தேன். ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் வளைவாக... 'சி'! முன்னாலிருந்து பார்த்தால் வளைவே தெரியவில்லை, வெறும் செவ்வகம். மூன்று தோற்றம் என்றால் என்ன என்பது அந்த நிமிஷம்தான் மண்டையில் ஏறியது. அடுத்த தேர்வில் முப்பத்தாறு. பனியன் கம்பெனிப் பேச்சு அதோடு நின்றது.

நண்பர்களே, இரண்டு வகுப்பிலும் இருந்தது டிஜிட்டல் தொழில்நுட்பம்தான். பெரிய திரையும் புரொஜெக்டரும் இருந்த வகுப்பில் எனக்கு ஒன்பது மார்க். ஒரே ஒரு செல்போன் இருந்த வகுப்பில் முப்பத்தாறு மார்க். அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? முதல் வகுப்பில் நாம் பார்த்தோம். இரண்டாவது வகுப்பில் நாம் தப்பு செய்தோம், சண்டை போட்டோம், கையால் திருப்பினோம். என் கட்சி இதுதான்: கருவி வகுப்புக்கு வருவது முக்கியமில்லை. கருவி வந்ததால் மாணவன் வாயும் கையும் திறந்ததா என்பதே முக்கியம்.

கருவி நம் நாட்டுக்குப் புதுசா? 1975 ஆகஸ்ட்டிலேயே, 'சைட்' திட்டத்தில் அமெரிக்கச் செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு இஸ்ரோ டி.வி. மூலம் பாடம் அனுப்பியது. கல்விக்கென்றே எஜுசாட் என்ற செயற்கைக்கோளை 2004 செப்டம்பர் 20-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினார்கள். நம் மாநிலத்தில் 2011 செப்டம்பரில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. 2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு அச்சானது. 2019 ஆகஸ்ட்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2021 தொடக்கத்தில் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்கள் சுமார் 9.69 லட்சம் பேருக்கு தினம் 2 ஜி.பி. டேட்டா என்று அறிவித்தார்கள். 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிப்பு வந்தது. இவை எல்லாம் நல்ல காரியங்கள். நான் குறை சொல்ல வரவில்லை. கொரோனா காலத்தில் எட்டாம் வகுப்பு படித்த நான் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கல்வித் தொலைக்காட்சி பார்த்தவள். அது இல்லாவிட்டால் அந்த வருஷம் புத்தகத்தையே மறந்திருப்பேன். ஆனால் டி.வி.யிடம் கையைத் தூக்கி "சார், அது எப்படி?" என்று கேட்க முடியவில்லையே!

பொருளைக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு வெளிநாட்டிலும் சாட்சி இருக்கிறது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டு அரசு குழந்தைகளுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தது. அங்கே 319 கிராமப் பள்ளிகளில் செய்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. பிள்ளைகள் கம்ப்யூட்டரை நன்றாகப் பழகிக்கொண்டார்கள். கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மார்க் ஏறியதாகத் தெரியவில்லை. உரல் கொடுத்தால் மட்டும் மாவு வருமா? ஆட்டவும் வேண்டுமே!

இன்னொரு பக்கமும் உண்டு. அது நம் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றியது. சுகதா மித்ரா என்ற பேராசிரியர் 1999-ல் டெல்லி கால்காஜியில் ஒரு சுவரில் ஓட்டை போட்டு, தெருப் பிள்ளைகளுக்காகக் கம்ப்யூட்டர் வைத்தவர். பிறகு அவரும் ரிது தங்வாலும் புதுச்சேரியைச் சேர்ந்த காளிக்குப்பம் என்ற ஊரில் ஒரு சோதனை செய்தார்கள். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள், தமிழ் மட்டுமே சரளமாகத் தெரிந்தவர்கள். அவர்களுக்குக் கம்ப்யூட்டரில் டி.என்.ஏ. பற்றிய பாடத்தை இங்கிலீஷில் போட்டுக் கொடுத்துவிட்டு, வாத்தியார் இல்லாமல் விட்டுவிட்டார்கள். 75 நாள் கழித்து வைத்த தேர்வில் பிள்ளைகள் நூற்றுக்கு முப்பது வாக்கில் எடுத்தார்கள். அதன்பின், பாடம் தெரியாத, ஆனால் பிள்ளைகளோடு பழகிய ஒருவரைப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். "அட, இது என்ன? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை. மார்க் ஐம்பது வாக்கில் ஏறிவிட்டது! 2010-ல் வெளியான ஆய்வு இது.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதா மாதம் வந்த ஆயிரம் ரூபாயைச் சேர்த்து ஒரு பழைய செல்போன் வாங்கினேன். ராத்திரி அதில் மின்சுற்றுப் பாடம் பார்ப்பேன். அம்மா பின்னால் நின்று, "இது என்னடி, எறும்பு மாதிரி ஓடுது?" என்பார். "அது எலெக்ட்ரான்மா." "ஏன் அங்க மட்டும் மெதுவா போவுது?" பதில் சொல்ல வாயைத் திறப்பேன்... வராது! எனக்கே புரியவில்லை என்பது அப்போதுதான் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாதான் எனக்கு வைவா எடுக்கிறார்.

ஆனால் இதை வைத்து "அப்போ வாத்தியாரே வேண்டாம்" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. டெல்லியில் வைத்த கம்ப்யூட்டர்களைப் போய்ப் பார்த்த மார்க் வார்ஷாவர் என்ற அமெரிக்க ஆய்வாளர், பிள்ளைகள் பெரும்பாலும் விளையாடிக்கொண்டும் படம் வரைந்துகொண்டும்தான் இருந்தார்கள், அவர்கள் மொழியில் அங்கே பாடம் இல்லை என்று எழுதினார். அதுவும் உண்மைதான். செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர் நகர்ந்தால் நாம் எங்கே போவோம் என்று நமக்குத் தெரியாதா? ரீல்ஸுக்குத்தானே! இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. அசைன்மென்ட் கேள்வியை அதில் போட்டு, வந்ததை அப்படியே நோட்டில் ஏற்றும் நண்பர்கள் நம்மில் எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொன்னால் இந்தக் கட்டுரையாளரும் ஒரு முறை தூக்க வேண்டியிருக்கும். ஸ்லைடைப் பார்த்து "புரிஞ்சுது சார்" என்றதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு பருவத்துக்குள் பாடத்தை முடிக்க வேண்டும். கரண்ட் போகும். நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். இதையும் மீறிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்து விழுப்புரம் மாவட்டம் கந்தாடு ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியை அன்னபூர்ணா மோகன், தன் நகையை விற்றுப் பிள்ளைகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை அமைத்ததை 2017-ல் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் எல்லா ஆசிரியரும் நகையை விற்க வேண்டும் என்று கேட்பது நியாயமா? குறைந்த செலவில் வழி இருக்கிறதா என்று பார்ப்போம்.

இருக்கிறது! ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்தும் எரிக் மாசூர் 1991-ல் ஒரு முறையைத் தொடங்கினார். பாடத்துக்கு நடுவே ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். மறுபடியும் விடை சொல்ல வேண்டும். எங்கள் மேடம் செய்தது இதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. மாணவர் கையில் செல்போனே வேண்டாம். ஆளுக்கு ஒரு காகித அட்டை. அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறோமோ அதுதான் ஏ, பி, சி, டி. ஆசிரியர் தன் ஒரே போனின் கேமராவை வகுப்பு முழுக்கக் காட்டினால் யார் யார் என்ன விடை சொன்னார்கள் என்று உடனே வந்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு நம் விடை தெரியாது. சிரிப்பார்களோ என்ற பயமில்லை. கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் மூன்று வருஷம் ஓட்டிவிடுகிற பெண்பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆகவே நம் மாணவர் பேரவை முன்னால் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: வகுப்புக்கு அறுபது அட்டை அச்சடித்துக் கொடுப்போம். ஆண்டு விழா பேனர் செலவில் ஒரு துண்டு போதும். பாடவேளைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்கும்படி ஆசிரியர்களைப் பணிவோடு கேட்போம்.

இரண்டு: வகுப்பு முடிந்ததும் கம்ப்யூட்டர் லேபைப் பூட்டாமல் ஒரு மணி நேரம் திறந்து வைக்க முதல்வர் அவர்களிடம் மனு கொடுப்போம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் தங்கம். பொறுப்புக்கு நம்மில் இரண்டு பேர் முறை வைத்து இருப்போம்.

மூன்று: மூன்றாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும், தனக்கு எந்தப் பாடம் கஷ்டமாக இருந்ததோ அதை ஐந்து நிமிஷம் நம் பேச்சுத் தமிழில் விளக்கி வீடியோ எடுத்து ஜூனியருக்குக் கொடுப்போம். தடுக்கி விழுந்தவருக்குத்தான் கல் எங்கே இருக்கிறது என்று தெரியும். முதல் வீடியோ நான் தருகிறேன். தலைப்பு: தூங்கானை மாடத்தின் மூன்று தோற்றங்கள்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டயதாரி. நமக்குப் பின்னால் தம்பி தங்கைகள் நிற்கிறார்கள். பலகை கறுப்பிலிருந்து வெள்ளையாகி, வெள்ளையிலிருந்து திரையாகிவிட்டது. நாளைக்கு இன்னும் என்னவெல்லாமோ வரும். வரட்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்கும்போது புரியாவிட்டால், "புரியலை சார், இன்னொரு தரம் திருப்பிக் காட்டுங்க" என்று சொல்லும் தைரியம் நமக்கு வந்தால், அன்றைக்குத்தான் நம் வகுப்பறை ஸ்மார்ட் வகுப்பறை!

சிந்திப்போம். கேட்போம்.

— மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவி, பெண்ணாடம்