கூடுகைக்குக் காத்திராத கலை

"டெமோசீனில் இறங்க ஆசைதான். ஆனால் நம் பக்கம் கூடுகைகளே இல்லையே" என்ற முறையீடு, நிரல் எழுதத் தெரிந்த இளைஞரிடமிருந்து எழுவதுண்டு. கூடுகைகள் அரிது என்பது மெய். ஆகவே தொடங்க இயலாது என்பதை நாங்கள் மறுக்கிறோம்.

இக்கலையை அறியாதவர்க்கு ஒரு சொல். டெமோ என்பது பதிவுசெய்த படம் அன்று. நிரல் ஓடும்போதே கணினி கணக்கிட்டுத் தீட்டும் காட்சியும் எழுப்பும் இசையும் அது. 64 கிலோபைட்டு, 4 கிலோபைட்டு என்று அதற்கு அளவுக்கட்டும் உண்டு. 2009இல் ஜெர்மனியின் பிரேக்பாயிண்ட் கூடுகையில் வென்ற 'எலிவேட்டட்' 4096 பைட்டுக்குள் ஒரு மலைத்தொடரையே இசையோடு எழுப்பிக் காட்டியது. நீங்கள் வாசிக்கும் இக்கட்டுரையை ஒருங்குறியில் சேமித்தால் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். வெண்பாவின் தளைக்குள் நின்று பாடியவர்களின் வழிவந்த நமக்கு இவ்வருமையை விளக்க வேண்டியதில்லை. பின்லாந்து 2020இலும் ஜெர்மனி 2021இலும் இதைத் தம் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டன.

இக்கலை பெரும் அரங்குகளில் பிறந்ததன்று. 1980களில் கொமடோர் 64 வைத்திருந்த சிறுவர்கள் தத்தம் அறையிலிருந்து வட்டுகளை அஞ்சலில் பரிமாறி வளர்த்தது. அரங்கு நிறைந்த கூடுகைகள் பின்னர் வந்தவை. 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது மட்டும் இலக்கியத் திருவிழாக்களா காத்திருந்தன? சிற்றிதழ் அஞ்சலில் போயிற்று. வாசகர் ஒருவரையொருவர் கண்டுகொண்டது அதன் பிறகே.

கருவி இல்லை என்பதும் சாக்கே. 2011இல் தொடங்கி அரசுப் பள்ளி மாணவர்க்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் மிக எளியதும் கொமடோர் 64ஐவிடப் பல்லாயிரம் மடங்கு நினைவகம் உடையது. டிக்-80 என்னும் கற்பனைக் கணினியை விலையின்றிப் பெறலாம். ஷேடர்டாயில் பிறர் எழுதிய நிரலைத் திறந்து, ஓர் எண்ணை மாற்றி, காட்சி மாறுவதை அக்கணமே காணலாம். தொலைவிலிருந்து அனுப்பும் படைப்புகளை ஏற்கும் கூடுகைகள் பல. பெருந்தொற்றுக் காலமான 2020இல் ரிவிஷன் கூடுகையே முழுதும் இணையவழிதான் நடந்தது.

நமக்கு முன்னோடி இல்லை என்பதும் பொய். சிறு விதிகளிலிருந்து பெருஞ்சித்திரம் பிறப்பதை நம் வாசற்கோலம் நாள்தோறும் காட்டுகிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்தின் இலக்கணத்தைக் கணினிக்கு உரியதாக வகுத்து 1974இலேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். சிக்குக்கோலத்தை 4096 பைட்டுக்குள் அசைய வைக்கும் டெமோவை எழுத ஹெல்சிங்கியிலிருந்தா ஆள் வரவேண்டும்?

எம் சினம் வேறிடத்தில். சென்னைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் ஹேக்கத்தான்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே எழும் முதற்கேள்வி 'இதனால் என்ன பயன்?' என்பது. நிரலை வேலைக்கான நுழைவுச்சீட்டாக மட்டுமே கண்டு வளரும் பிள்ளைக்கு அது விளையாட்டாகவும் கவிதையாகவும் இருக்கக்கூடும் என்று சொல்வார் யார்? சொல்ல வேண்டிய இலக்கியவாதிகள், கணினி என்றால் தட்டச்சுப் பொறி என்ற அளவில் நின்றுவிட்டோம்.

தனியே செய்வது மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. இருட்டில் பெருந்திரையின் முன் பலர் கூடி ஆரவாரித்து வாக்களிப்பதற்கு ஈடு இல்லை. ஆனால் அதற்கும் மாநகரம் வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் செப்பேடு, முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிக்கப் பங்கு ஒதுக்கியதைப் பேசுகிறது. கலைக்கென ஊர் கூடுவது கூரத்துக்குப் புதிதன்று. ஒரு பள்ளிச் சுவர், இரவல் படவீழ்த்தி, நான்கைந்து பேர், ஆளுக்கொரு சிறு நிரல்: முதற்கூடுகைக்கு இவ்வளவு போதும்.

ஆனால் காட்டுவதற்கு முதலில் ஒரு டெமோ வேண்டும். அதை எழுதத் தொடங்குங்கள்.