மூக்கைத் தொட்டால் பொய்யனா?

வேட்பாளர் பேசுகிறார். அவர் குரலை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் மெதுவாக ஓட்டுகிறார்கள். மூக்கைத் தொடும் இடத்தில் சிவப்பு வட்டம், கண் இமைக்கும் இடத்தில் அம்புக்குறி. ‘உடல்மொழி நிபுணர்’ என்ற பட்டத்தோடு உட்கார்ந்திருப்பவர், “இந்த இடத்தில் இவர் பொய் சொல்கிறார்” என்று தீர்ப்பு வழங்குகிறார். தேர்தல் நெருங்கினால் செய்தித் தொலைக்காட்சிகளிலும் யூடியூப் சேனல்களிலும் அரங்கேறும் இந்தக் கூத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். இது செய்தியும் அல்ல, அறிவியலும் அல்ல. இதை நிறுத்த வேண்டும். இதுவரை ஒளிபரப்பியதற்குத் திருத்தமும் வெளியிட வேண்டும்.

இதைக் கடலூர் மாவட்டத்திலிருந்து சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தே.மு.தி.க. தொடங்கிய மறு ஆண்டே, 2006இல், இந்த மாவட்டத்தின் விருத்தாசலம் தொகுதி நடிகர் விஜயகாந்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அந்தத் தேர்தலில் அவருடைய கட்சியில் வென்றவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு அவருடைய உடலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேய்ந்தார்கள். கண் சிவந்திருந்தால் குடி. நாக்குக் குழறினால் குடி. கை நடுங்கினால் அதுவும் குடி. 2012 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் விரல் நீட்டி ஆவேசப்பட்டதற்காக 10 நாள் இடைநீக்கம் செய்யப்பட்டார். அந்தச் சில நொடிக் காட்சி ஆண்டுக்கணக்கில் மீமாகச் சுற்றியது. பிற்பாடு பேச்சு தடுமாறியது, நடை தளர்ந்தது. சிகிச்சைக்கு அமெரிக்கா வரை போய்வந்தார். மேடையில் உட்கார்ந்தபடி கையை மட்டும் அசைத்தார். நோய் என்று ஊருக்கே தெரிந்த பிறகு, பழைய கேலிக் காட்சிகளை நீக்கிய சேனல்கள் எத்தனை? 2023 டிசம்பர் 28 அன்று அவர் மறைந்ததும் சோக இசை சேர்த்து அஞ்சலி ஓட்டியவர்கள், கூடவே ஒரு வரி வருத்தம் தெரிவித்திருக்கக் கூடாதா? அவர் குடித்தாரா இல்லையா என்பது இங்கே வழக்கல்ல. நோயையும் போதையையும் பிரித்தறியத் தெரியாத கண், மெய்யையும் பொய்யையும் மட்டும் பிரித்துவிடுமா?

ஆய்வுகள் சொல்வதும் இதைத்தான். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற உளவியலாளர்கள் இருவர், இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வு ஆவணங்களைத் தொகுத்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பேசுபவரைப் பார்த்து, கேட்டு, அவர் சொல்வது பொய்யா மெய்யா என்று 24,000 பேருக்கு மேல் கணித்திருந்தார்கள். சரியாக அமைந்தது சராசரியாக 54 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். பொய்யைப் பிடிப்பதே தொழிலாகக் கொண்டவர்களும் மற்றவர்களைவிட மேலாகத் தேறவில்லை. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையை வைத்துச் சந்தேகத்துக்குரியவரைப் பிடிக்கும் திட்டத்துக்கு 2007 முதல் சுமார் 90 கோடி டாலர் செலவழித்தார்கள். பலன் உண்டு என்பதற்கு ஆதாரமில்லை, நிதியைக் குறையுங்கள் என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே 2013இல் எழுதிக் கொடுத்தது.

நம் நாட்டிலும் உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதமில்லாமல் ஒருவருக்கு உண்மை கண்டறியும் சோதனை நடத்துவது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. சம்மதித்து உட்கார்ந்தாலும் அந்தச் சோதனை முடிவு மட்டுமே சாட்சியமாகாது. மூச்சையும் நாடித்துடிப்பையும் வியர்வையையும் அளக்கும் கருவிக்கே இந்தக் கதி. யாரோ செல்போனில் எடுத்த காட்சியை ஸ்டுடியோவில் பார்த்துவிட்டு ஒருவரைப் பொய்யர் என்று அறிவிக்க இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

வள்ளுவரே குறிப்பறிதல் என்று அதிகாரம் வைத்தாரே என்று சிலர் எழுந்து நிற்பார்கள். ஒன்றல்ல, இரண்டு வைத்தார். பொருட்பாலில் உள்ளது அரசனுக்கு அருகில் இருப்பவருக்கு. காமத்துப்பாலில் உள்ளது காதலருக்கு. இரண்டுமே நெருங்கி நிற்பவர்களின் அறிவு. முன்பின் பழகாத ஒருவரின் 20 நொடிக் காட்சிக்கு வள்ளுவரைச் சாட்சிக்கு இழுப்பது அநியாயம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை தொடங்கி உவகை வரை எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அச்சமும் அதில் ஒன்று. அதற்கு மேலும் அடுக்கும் பட்டியலில் வியர்த்தலும் நடுக்கமும் வருகின்றன. பொய்க்கென்று தனியாக ஒரு மெய்ப்பாடு அங்கே இல்லை.

சிதம்பரத்துக்காரரிடம் போய் ‘உடல் பொய் சொல்லாது’ என்று சொல்லிப் பார்க்கட்டும். கோபுர வாயில்களில் 108 கரணங்களைக் கல்லில் வைத்திருக்கும் ஊர் அது. ஆண்டுதோறும் சிவராத்திரியையொட்டி நாட்டியாஞ்சலி மேடையில் அழுகையும் வெட்கமும் வீரமும் பயிற்சியால் வரவழைக்கப்படுவதை ஊரே உட்கார்ந்து பார்க்கிறது. அண்ணாவும் கருணாநிதியும் நாடகம் எழுதியவர்கள், எம்.ஜி.ஆர். திரையில் வாழ்ந்தவர், ஜெயலலிதா முறையாகப் பரதம் பயின்றவர். முகபாவனையைத் தொழிலாகவே கற்றவர்களிடம் பலமுறை ஆட்சியைக் கொடுத்த மாநிலத்தில், முகத்தைப் பார்த்து நேர்மையை அளக்கப் போகிறார்களாம்! (2017 பிப்ரவரியில் ஓ.பன்னீர்செல்வம் சட்டமன்றத்தில் மு.க.ஸ்டாலினைப் பார்த்துச் சிரித்ததே துரோகத்துக்குச் சாட்சியாகக் காட்டப்பட்டது. அடுத்து வந்த முதல்வரிடம், என்னைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள் என்று ஸ்டாலின் கேலி செய்யும் அளவுக்கு அது போனது.)

கேலியோடு முடிந்தால் விட்டுவிடலாம். இந்த அளவுகோலில் சரளமாகப் புளுகுபவர் தப்பிவிடுவார். மேடைக்குப் புதியவர் மாட்டிக்கொள்வார். சிதம்பரம் அருகே தெற்குத்திட்டை ஊராட்சியில், மக்கள் தேர்ந்தெடுத்த பட்டியல் சாதிப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் 2020 அக்டோபரில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வரும் ஒருவர் மைக் முன்னால் தலையைக் குனிந்து, குரல் கம்மிப் பேசினால், நிபுணர் என்ன எழுதுவார்? ‘நேருக்கு நேர் பார்க்கவில்லை, எதையோ மறைக்கிறார்.’ பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவதை மரியாதை என்று சொல்லி வளர்த்த ஊர்களில் இந்த அளவுகோல் யாரைக் குற்றவாளியாக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வியர்வைக் கதை இன்னும் அபத்தம். சித்திரை வெயிலில் தேவனாம்பட்டினத்தில் வீடு வீடாக ஓட்டுக் கேட்பவருக்கு வியர்க்கவில்லை என்றால்தான் சந்தேகம் வர வேண்டும்.

பொய் பிடிபடும் இடம் வேறு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தனிச் சட்டம் இயற்றி 2013இல் அரசு எடுத்துக்கொண்டது. ஆனால் அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் அரசுக் கட்டணம் வரவில்லை. மற்ற அரசுக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக்குச் சுமார் 13,600 ரூபாய் இருந்தபோது இங்கே 5 லட்சத்துக்கு மேல். 2020 டிசம்பரில் தொடங்கிய மாணவர் போராட்டம் 50 நாளைத் தொட்டபோதுதான், 2021 ஜனவரி இறுதியில், கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி ஆணை வந்தது. அந்த மாணவர்கள் எந்த அமைச்சரின் புருவத்தையும் ஆராயவில்லை. கட்டண ரசீதைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்த பயிருக்குள் என்.எல்.சி. நிலக்கரி நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கியபோதும் கேட்க வேண்டிய கேள்விகள் அந்த வகையானவைதான்: நிலம் கொடுத்தவர்களுக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள், எத்தனை பேருக்கு நிரந்தர வேலை கொடுத்தீர்கள்?

ஆகவே சேனல்களுக்குச் சொல்கிறோம். வேட்பாளர் ஒவ்வொருவரும் 26ஆம் படிவத்தில் சொத்து, கடன், வழக்கு விவரங்களை உறுதிமொழியாகத் தருகிறார்கள். அதில் பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் 6 மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. கடலூர் மக்களவைத் தொகுதிக்குக் கடலூர் ஆட்சியர் அலுவலகத்திலும், சிதம்பரம் தொகுதிக்கு அரியலூரிலும் மனுத் தாக்கல் நடக்கிறது. அங்கே செருப்பையும் சட்டையையும் படம்பிடிக்கும் கேமராக்கள் அந்தப் படிவத்தின் பக்கங்களைக் காட்டட்டும். முடிவு வந்த 30 நாள்களுக்குள் தாக்கலாகும் செலவுக் கணக்கை ஒரு ரூபாய் கட்டணம் கட்டி எவரும் பார்க்கலாம். அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்கச் சட்டமன்றத்தில் உறுதிமொழிக் குழு இருக்கிறது. அதன் அறிக்கைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வாசகர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. 1994ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளின் 6ஆம் விதி, அவதூறையும் பொய்யான உள்நோக்கப் பேச்சையும் அரைகுறை உண்மையையும் ஒளிபரப்பத் தடை செய்கிறது. 2021 திருத்தத்தின்படி பார்வையாளரின் புகாருக்குச் சேனல் 15 நாள்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். எழுதிக் கேளுங்கள்.

சேனல்களே, இந்தக் கூத்தை நிறுத்தும்வரை, நிபுணர் என்று யாரை உட்கார வைத்தாலும் அவர் என்ன படித்தவர், எந்த ஆய்வை வைத்துப் பேசுகிறார், எந்தக் கட்சியிடமாவது சம்பளம் வாங்குகிறாரா என்பதைத் திரையில் எழுதிக் காட்டுங்கள். காட்ட முடியவில்லை என்றால் அவரை எழுந்து போகச் சொல்லுங்கள்.