கரடிப் பிடியும் ஆரத் தழுவலும்

நெடுநாள் பிரிந்திருந்த நண்பர் இருவர் ஒருவரையொருவர் மார்போடு சேர்த்து அணைத்துக்கொள்வதை ஆங்கிலேயர் ‘பேர் ஹக்’ என்கிறார்கள் என்பதற்காக, நாமும் அதைக் ‘கரடி அணைப்பு’ என்று பெயர்த்து அச்சிடுவது எனக்குச் சிறிதும் சம்மதமில்லை. கரடி பின்னங்கால்களில் எழுந்து நின்று எதிரியைக் கட்டி இறுக்கி எலும்பை நொறுக்கிவிடும் என்று மேல்நாட்டு ஜனங்கள் நம்பியதிலிருந்து பிறந்த அச்சொல் நாளடைவில் அன்புக்கும் ஆகிவந்ததாயினும், மல்யுத்தத்தில் மூச்சுத் திணறவைக்கும் பிடிக்கும், பெருவிலை கூறி இன்னொரு கம்பெனியை விழுங்க வரும் யோசனைக்கும் இன்றளவும் அதுவே பெயர்.

தாம்பரத்தில் மின்சார ரயிலேறிப் பெருங்களத்தூரைத் தாண்டினால் வண்டலூர். 1855-இல் சென்னையில் தொடங்கி, 1985 முதல் இங்கே இயங்கிவரும் மிருகக்காட்சி சாலையில் நம் நாட்டுக் கரடியைப் பாருங்கள். கறையான் புற்றைப் பிளக்கவென்றே அமைந்த, விரல் நீளமுள்ள வளைந்த நகங்கள். அந்த நகத்தாலும் பல்லாலும் தாக்குமேயன்றி அணைத்துக் கொல்லும் பிராணியன்று அது. தாய்க்கரடி தன் வாத்ஸல்யத்தையெல்லாம் காட்டிக் குட்டியைச் சுமப்பதும் மார்பிலன்று, முதுகில்.

கொல்லும் அணைப்புக்கு நம்மிடம் பெயரில்லாமலுமில்லை. பாரத யுத்தம் முடிந்தபின், மைந்தர் நூற்றுவரையும் இழந்த கிழவன், கண்ணன் சமயோசிதமாக முன்னிறுத்திய இரும்புப் பதுமையை வீமனென்றெண்ணித் தழுவி நொறுக்கியதைக் கொண்டு, ‘திருதராஷ்டிர ஆலிங்கனம்’ என்று பெரியோர் வழங்கினார்கள். அன்புக்கோ வேறு சொல்: ‘ஆரத் தழுவுதல்’. வயிறார உண்கிறோம், கண்ணாரக் காண்கிறோம், வாயார வாழ்த்துகிறோம். அந்த ‘ஆர’வே இங்கும் வந்து, நிறையும்வரை என்று நிற்கிறது. இறுக்கத்தை அளக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு, நிறைவை அளக்கும் இச்சொல்லை ஏன் பலிகொடுக்க வேண்டும்?

சென்ற வாரம் தாம்பரம் ஸ்டேஷனில், தெற்கே போகும் இரவு வண்டிக்காக நின்ற மூதாட்டி ஒருத்தி, வழியனுப்ப வந்த பேரனை இழுத்து அணைத்துக்கொண்டாள். ‘போதும் ஆச்சி, வண்டி வந்துட்டு’ என்றான் அவன், அவள் விடவில்லை. வண்டி அவளை ஏற்றிக்கொண்டு போனபின், அவன் சட்டையில், நெஞ்சுக்கு நேரே, அவள் நெற்றித் திருநீறு ஒட்டியிருந்தது. தட்டிவிடாமலே படியேறிப் போனான்.