ஏழு தலைமுறைக்கும் ஒரு பாட்டில்

பக்கத்து ஸீட் நண்பர் புதுசாக ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். மனைவிக்கு அஞ்சாம் மாசம். வீட்டுக்கு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்றாம். ''பி.பி.ஏ. ஃப்ரீ சார்!'' என்று லேபிளைத் தடவிக் காட்டினார்.

''பி.பி.ஏ.ன்னா என்ன?''

''அதான் இல்லேன்னு போட்டிருக்கானே... அப்புறம் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?''

நியாயம்தான். இருந்தாலும் விடுவேனா?

பி.பி.ஏ. என்பது பிஸ்ஃபீனால்-ஏ. கண்ணாடி மாதிரி இருக்குமே, பாலிகார்பனேட் பிளாஸ்டிக், அதைக் கட்டுகிற செங்கல். சுவர் சிதைந்தால் செங்கல் உதிருமில்லையா, அப்படித்தான் இதுவும்.

இதன் லட்சணம் தெரிய வந்ததே ஒரு பாத்திரம் கழுவுகிற தப்பினால்! 1998. அமெரிக்காவில் க்ளீவ்லாண்ட் நகரம், கேஸ் வெஸ்டர்ன் ரிஸர்வ் பல்கலைக்கழகம். பட்ரீஷியா ஹன்ட் என்ற விஞ்ஞானி சுண்டெலிகளின் கருமுட்டைகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். குரோமோசோம் கோளாறுள்ள முட்டைகள் வழக்கமாக நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். திடீரென்று நாற்பது! அதுவும் எந்த மருந்தும் கொடுக்காமல், சும்மா தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த எலிகளிடம்.

அம்மணி துப்பறிந்தார். கூண்டு கழுவுகிறவர் சாதா சோப்புக்குப் பதில் தரை கழுவுகிற கார திரவத்தை ஊற்றித் தேய்த்திருக்கிறார். கூண்டும் தண்ணீர் பாட்டிலும் பாலிகார்பனேட். பிளாஸ்டிக் அரிக்கப்பட்டு, பி.பி.ஏ. கசிந்து, நேரே எலி வயிற்றுக்குள். அதே தப்பை வேண்டுமென்றே இன்னொரு முறை செய்து பார்த்து, உறுதிப்படுத்திக்கொண்டு, 2003-ல் வெளியிட்டார்.

''எலிக்குத்தானே சார்...''

''எலிக்கு ஆனது நமக்கும் ஆகணும்னு சட்டமில்லை. ஆனா மீதியையும் கேளுங்க.''

2007-ல் அவர் குழு கர்ப்பிணி எலிகளுக்குக் கொஞ்சமாக பி.பி.ஏ. கொடுத்தது. வயிற்றில் இருந்த பெண் குட்டிகளின் கருமுட்டைகளில் கோளாறு. பெண்ணாகப் பிறக்கப்போகும் குட்டிக்கு முட்டைகள் தாய் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன (மனுஷ ஜாதியிலும் அப்படித்தான்). அம்மா குடித்தது மகளுக்கும் போகிறது, மகளுக்குள் இருக்கும் பேத்திக்கும் போகிறது. ஒரே மடக்கு, மூன்று தலைமுறை!

எலியாவது பரவாயில்லை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஸி.எலிகன்ஸ் என்று ஒரு புழு. லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அதற்கு பி.பி.ஏ. காட்டினார்கள். அடக்கி வைத்திருந்த ஒரு ஜீன் அதன் இனப்பெருக்க செல்களில் விழித்துக்கொண்டது. பி.பி.ஏ.யைக் கண்ணாலும் பார்க்காத சந்ததியிலும் விழித்தே இருந்தது, ஐந்து தலைமுறைக்கு! நம்மவர்கள் ஏழு தலைமுறைக்குச் சொத்து சேர்ப்பார்கள், புழு இப்படி.

''அதுக்குத்தான் சார், பி.பி.ஏ. ஃப்ரீ!'' நண்பர் மறுபடி லேபிளைக் காட்டினார்.

அங்கேதான் சிக்கல். பி.பி.ஏ.வை விரட்டியவர்களில் சிலர் அதன் ஒன்றுவிட்ட தம்பி பிஸ்ஃபீனால்-எஸ்ஸை அழைத்து வந்துவிட்டார்கள். ஹன்ட்டும் வேறு பல்கலைக்கழகம், வேறு பிளாஸ்டிக் கூண்டு என்று மாறியிருந்தார். அதுவும் சிதைந்து, இந்தத் தம்பி கசிந்து, மறுபடி அதே தலைவலி! 2018-ல் வெளியிட்டார். பாதிப்பு அடுத்தடுத்த தலைமுறை ஆண் எலிகளிடமும் தெரிந்தது.

நண்பர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எஸ்ஸைப் பற்றி லேபிளில் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் அவர் மேஜையில் ஓர் எவர்சில்வர் கூஜா. பாட்டியுடையதாம், பெயர்கூட வெட்டியிருக்கிறது. பாட்டிலில் மணிபிளான்ட் வைத்திருக்கிறார்.