கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டரை இலட்சம்

ஒரு காலத்தில் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தவர்கள் காணி உறுதியையோ, திணைக்களம் ஒன்றிலிருந்து வந்த கடிதத்தையோ கையில் கொண்டு வருவார்கள். அண்மைக் காலமாகக் கணினிக் கடைகள் எழுதிக்கொடுத்த விலைப்பட்டியல்களையும் சிலர் கொண்டு வருகின்றார்கள். பத்திரிகை அலுவலகத்தில் பக்க வடிவமைப்புக் கணினிகளை வாங்கும் பொறுப்பு சில வருடங்கள் என் தலையில் சுமத்தப்பட்டிருந்ததும், அந்தச் செய்தி உறவினர் மத்தியில் பரவிவிட்டதுமே இதற்குக் காரணம்.

இந்தப் பட்டியல்களைத் தொடர்ந்து வாசித்ததில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உறுதிப்பட்டுவிட்டது. உயர்ரகக் கணினி என்ற பெயரில் எமது இளைஞர்களுக்கு விற்கப்படுவது பெரும்பாலும் பார்ப்பதற்கான கணினியே. அதனை வைத்து உழைக்க வேண்டியவனிடம், நீ என்ன வேலை செய்கிறாய், எந்த மென்பொருளில் செய்கிறாய் என்று கேட்பவர் மிகச் சிலர்.

அண்மையில் வந்த பட்டியல் என் தங்கையின் மகனுடையது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அவுஸ்திரேலிய நிறுவனம் ஒன்றுக்காக இன்னும் கட்டப்படாத வீடுகளின் படங்களை உருவாக்கிக் கொடுப்பது அவன் தொழில். இரவில் நண்பர்களுடன் விளையாடுவதும் உண்டு. அதை அவன் மறைப்பதில்லை, நானும் குறை கூறுவதில்லை. பட்டியலின் மொத்தத் தொகை எட்டரை இலட்சம் ரூபா. அதில் பாதி ரொறன்ரோவிலுள்ள சித்தப்பா அனுப்புவது. மறுபாதி என் தங்கை மூன்று வருடங்களாகக் கட்டிய சீட்டுக் காசு. இந்தத் தொகையில் அவனுடைய வயதுப் பொடியன் ஒருவன் பாவித்த முச்சக்கர வண்டி ஒன்றை வாங்கி ஓடத் தொடங்கியிருப்பான். ஆகவே இது பொழுதுபோக்குக்கான செலவு அன்று. ஒரு குடும்பம் ஒரு தொழிலில் போடும் முதல்.

பட்டியலில் என்ன இருந்தது? இன்ரெல் ஐ9 14900கே செயலி. 12 ஜிகாபைட் நினைவகம் கொண்ட ஆர்.ரி.எக்ஸ். 5070 கிராபிக்ஸ் கார்ட். எட்டு எட்டாக நான்கு துண்டுகளில் 32 ஜிகாபைட் ராம். சிறிய திரை பதித்த நீர்க் குளிரூட்டி. மூன்று பக்கம் கண்ணாடியாலான பெட்டி, அதற்குள் வர்ண விளக்குடன் ஏழு விசிறிகள், 240 ஹேர்ட்ஸ் வளைந்த திரை. கடைசி வரியில் ‘850 வொட் பவர் சப்ளை’ என்று மட்டும் இருந்தது. அதைத் தயாரித்தவர் யார் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. விளக்குகளின் வர்ணங்கள் எத்தனை என்பது எழுதப்பட்டிருந்தது.

விளையாட்டும் ரெண்டரிங்கும் ஒரே பெட்டிக்குள் நடந்தாலும் இயல்பில் இரண்டும் வேறானவை. விளையாட்டில் கணினி ஒரு விநாடிக்கு 60 படங்களையாவது தரவேண்டும். அதாவது ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லி விநாடி. அந்த அவகாசத்துக்குள் முடிக்கக்கூடியதை மட்டும் அது செய்யும். ரெண்டரிங்கில் ஒளி ஒரு சுவரில் பட்டுத் தெறித்து அடுத்த சுவருக்குப் போவதைக் கணக்கிட்டுக் கணக்கிட்டு ஒரே படத்துக்கு நான்கு நிமிடமும் ஆகலாம், நான்கு மணித்தியாலமும் ஆகலாம். விநாடிக்கு 25 படங்கள் வீதம் பத்து விநாடிக் காட்சி ஒன்றுக்கு 250 படங்கள் வேண்டும். படமொன்றுக்கு நான்கு நிமிடம் என்றால் ஆயிரம் நிமிடம். ஏறத்தாழ 17 மணித்தியாலம் கணினி மூச்சு விடாமல் ஓடவேண்டும். விளையாட்டில் கணினி ஒருமுறை நின்றுபோனால் எரிச்சல்தான் மிஞ்சும். பதினாறாவது மணித்தியாலத்தில் ரெண்டரிங் நின்றுபோனால் மெல்பேர்ணில் இருப்பவருக்குக் கொடுத்த வாக்கும் போய்விடும்.

செயலி விடயத்திலும் இதே வேறுபாடு உண்டு. 2024 நவம்பரில் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 7 9800எக்ஸ்3டி விளையாட்டுக்கென்றே விரும்பி வாங்கப்படுவது. அதில் எட்டுக் கோர்கள்தான்; ஆனால் 96 மெகாபைட் கேஷ் நினைவகம் உண்டு. ரெண்டரிங் வேலையைச் செயலியிடமே ஒப்படைக்கும் மென்பொருளுக்கோ பதினாறு கோர் கொண்ட ரைசன் 9 9950எக்ஸ் போன்றது வேண்டும். கட்டடக் கலைஞர்கள் பலர் பாவிக்கும் கொரோனா அவ்வாறு செயலியை மட்டுமே நம்பும் மென்பொருள். (பெயரைக் கண்டு அஞ்சவேண்டாம், நோய்க்கு முன்னரே அது வந்துவிட்டது.) மாறாக ஒக்டேன், ரெட்ஷிப்ட் போன்றவை கிராபிக்ஸ் கார்ட்டை நம்பியே எழுதப்பட்டவை. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரில் உள்ள சைக்கிள்ஸ் இரண்டிலும் ஓடும், ஆனால் நல்ல கார்ட் இருந்தால் செயலியைப் பலமடங்கு பின்தள்ளிவிடும். ஒரே தொழிலைச் செய்யும் இருவருக்கு முற்றிலும் வேறான இரு கணினிகள் தேவைப்படலாம் என்பது இதனால் விளங்கும். எங்கள் பொடியன் பாவிப்பது பிளெண்டர். கடைக்காரர் அதைக் கேட்கவுமில்லை, இவன் சொல்லவுமில்லை.

கார்ட்டில் வேலை நடக்கும் என்று தெரிந்தபின் முதலில் பார்க்கவேண்டியது அதன் வேகத்தை அல்ல என்பேன். அதன் நினைவகத்தைப் பார்க்கவேண்டும். ஒரு வீடு, அதன் தளபாடங்கள், முற்றத்துப் புல், பின்னால் நிற்கும் நூறு மரங்கள் யாவும் அந்த நினைவகத்துக்குள் ஏறவேண்டும். ஏறாவிட்டால் சில மென்பொருட்கள் நின்றுவிடும். சில கணினியின் பொது ராமைக் கடன் வாங்கி ஆமை வேகத்தில் நகரும். விளையாட்டில் இப்படி நேர்ந்தால் படத்தின் தரத்தை ஒரு படி குறைத்துவிட்டுத் தொடரலாம். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் படத்தில் மரங்களை வெட்டிவிட முடியாது. எனவே 12 ஜிகாபைட் கொண்ட 5070 ஐ விட, 16 ஜிகாபைட் கொண்ட 5070 ரி.ஐ. இந்தத் தொழிலுக்குப் பொருத்தமானது. 32 ஜிகாபைட் கொண்ட 5090 ஐப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட விலையே 1,999 அமெரிக்க டொலர். அது இழுக்கும் மின்சாரம் 575 வொட்.

இரண்டு மலிவான கார்ட்டுகளைப் பூட்டினால் நினைவகம் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. ஒவ்வொரு கார்ட்டும் முழுக் காட்சியையும் தனித்தனியே சுமக்கவேண்டும். 2020 இல் வெளிவந்த 3090 இல் இரண்டையும் இணைக்க ஒரு வழி இருந்தது. அடுத்த தலைமுறையில் அதை எடுத்துவிட்டார்கள். அந்தப் பழைய 3090 இன் 24 ஜிகாபைட் இன்றும் ஆசை காட்டும் விடயந்தான். ஆனால் 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றும்வரை, இத்தகைய கார்ட்டுகள் பல இரவு பகலாக நாணயம் தோண்டியவை. கைமாறி வரும் கார்ட்டின் கடந்தகாலத்தை யார் அறிவார்? உத்தரவாதம் இல்லாமல் சீட்டுக் காசை அதில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏ.எம்.டி.யின் ரேடியன் கார்ட்டுகள் விளையாட்டில் கொடுத்த காசுக்கு நல்ல பலன் தருபவை. ஆயினும் ரெண்டரிங் மென்பொருட்கள் பெரும்பாலும் என்விடியாவின் தொழில்நுட்பத்தைச் சுற்றியே வளர்ந்துவிட்டன. ஒரு நிறுவனத்தின் இந்த ஏகபோகம் எனக்கு உவப்பானதல்ல. ஆனால் அதை எதிர்த்துப் போராடும் பொறுப்பை யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவனின் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

செயலியைப் பற்றியும் கடைக்காரர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. இன்ரெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்ரகச் செயலிகள் மிகை மின்னழுத்தத்தினால் நாளடைவில் பழுதுபடுவது 2024 இல் பெரும் பிரச்சினையானது. அவ்வருடம் ஓகஸ்டில் நிறுவனம் திருத்த மென்பொருளை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு வருடங்களால் நீடித்தது. ஏற்கனவே பழுதுபட்ட செயலியை அத்திருத்தம் குணப்படுத்தாது. 14900கே அந்த வரிசையில் ஒன்று. வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. வாங்குபவனுக்கு இதைச் சொல்லியிருக்கவேண்டும் என்கிறேன். எப்படியும் கார்ட்டில் ரெண்டர் செய்பவனுக்கு இந்த விலையில் ஒரு செயலி தேவையே இல்லை. பன்னிரண்டு கோர் கொண்ட ரைசன் 9 9900எக்ஸ் தாராளம்.

இனி அந்தப் பெயரற்ற பவர் சப்ளை. முழுப் பட்டியலிலும் என்னைக் கோபப்படுத்தியது அதுதான். மற்றைய பாகங்கள் யாவும் குடிக்கும் தண்ணீர் இந்தக் குழாயால்தான் வரவேண்டும். அது கெட்டுப்போகும்போது தனியே போகாமல் மதர்போர்ட்டையும் கார்ட்டையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும். எமது நாட்டின் மின்சாரம் எப்படிப்பட்டது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டது. இப்படியான தேசத்தில், தரம் நிரூபிக்கப்பட்ட 1000 வொட் பவர் சப்ளைக்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்தைச் செலவாக நான் எண்ணமாட்டேன். யூ.பி.எஸ். ஒன்றும் அவசியம். அதிலே 650 வி.ஏ. என்று எழுதியிருந்தால் 650 வொட் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் 400 வொட்டுக்கும் குறைவாகவே அது தாங்கும். இத்தகைய கணினியைப் பூட்டினால் மின்சாரம் நின்ற கணமே அதுவும் விழுந்துவிடும். 1500 வி.ஏ. அளவில் பார்ப்பது நல்லது. கூடவே காசு செலவில்லாத ஒரு பழக்கம்: காட்சியை நேரே ஒரு வீடியோவாக ரெண்டர் செய்யாமல் தனித்தனிப் படங்களாகச் சேமித்தால், மின்சாரம் போகும்போது இழப்பது ஒரேயொரு படந்தான்.

கண்ணாடிப் பெட்டி வேண்டாம் என்றதும் பொடியனின் முகம் வாடியது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், பதினேழு மணித்தியாலம் ஓடவேண்டிய இயந்திரத்துக்குக் காற்றுப் புகும் வலை முகப்புத்தான் அழகு. வளைந்த திரையையும் வெட்டினேன். நேர்கோடுகளை வரைந்து பிழைப்பவனுக்கு வளைந்த திரை எதற்கு? அவனிடம் ஏற்கனவே உள்ள தட்டைத் திரையில் வர்ணங்கள் சரியாகவே தெரிகின்றன. மிஞ்சிய பணம் ராமுக்குப் போனது. நான்கு துண்டுகளுக்குப் பதிலாக இரண்டு துண்டுகளில் 64 ஜிகாபைட். பின்னர் கூட்டுவதற்கும் இடமுண்டு. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகத்தை வாங்கிக் குவிக்க, 2025 இன் கடைசி மாதங்களில் ராமின் விலை கிடுகிடுவென ஏறியது. எனவே கணக்கில் மிகவும் கடித்த வரி அதுதான்.

புதிய பட்டியலைக் கண்ட கடைக்காரர், “லைட் ஒண்டும் இல்லாமல் இதென்ன பவர் மெசின், சேர்?” என்று கேட்டார். நல்ல மனிதர். விளக்குள்ளதைத்தான் ஆட்கள் கேட்கிறார்கள் என்பது அவருடைய பக்க நியாயம்.

பாகங்கள்தான் எல்லாமா என்றால் அதுவும் இல்லை. 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற லத்வியா நாட்டின் ‘ஃப்ளோ’ பிளெண்டரிலேயே உருவாக்கப்பட்டது. அதன் இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ், சைக்கிள்ஸை விட்டு ஈவீ என்ற வேகமான முறையைத் தெரிந்தார். விளையாட்டுகள் படத்தை வரையும் முறைக்கு நெருங்கியது அது. ஒளியின் துல்லியத்தில் சிறிது விட்டுக்கொடுத்து நேரத்தை மிச்சப்படுத்தினார். நூற்றுக்கணக்கான கணினிகள் அடுக்கிய ரெண்டரிங் கூடம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. எந்தக் காட்சிக்கு எந்த முறை போதும் என்று தீர்மானிக்கக் கற்றவன், இரண்டாவது கார்ட் ஒன்றுக்கான பணத்தை மிச்சம் பிடிக்கிறான்.

வெளிநாடுகளிலிருந்து இதை வாசிக்கும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. பாகங்களை வாங்கி ஆள் வசம் அனுப்புவதில் இலாபம் உண்டு. 2022 இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டொரு மாதத்தில் 360 ரூபாவரை ஏறிய பின்னரும், 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமான பின்னரும் இங்கே விலைகள் அப்படித்தான் ஆகிவிட்டன. ஆனால் பழுதுபட்டால் உத்தரவாதத்துக்காக அந்தப் பாகம் மறுபடி நீங்கள் வாங்கிய நாட்டுக்கே வரவேண்டியிருக்கும். அதுவரை பொடியனின் வேலை நிற்கும். பணத்தை அனுப்புங்கள், பவர் சப்ளையையும் மதர்போர்ட்டையும் கார்ட்டையும் அவன் நடந்துபோய்த் திருப்பிக் கொடுக்கக்கூடிய கடையில் வாங்கட்டும்.

கடைசியாக ஒரு கணக்கு, பட்டியலில் வராத செலவு. ரெண்டரிங் நடக்கும்போது இந்தக் கணினி திரையுடன் சேர்த்து ஏறத்தாழ 500 வொட் இழுக்கும். நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் ஓடினால் ஆறு அலகு, மாதத்துக்கு 180 அலகு. வீட்டுப் பாவனையில் 180 அலகைத் தாண்டினால் அதிகூடிய கட்டணப் பிரிவு. தங்கை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் விசிறிகளும் தண்ணீர்ப் பம்பும் சேர்ந்தால் அந்தப் பிரிவுக்குள் போவது நிச்சயம். கார்ட்டின் சக்தியைக் கால் பங்கு குறைத்து ஓடவிட்டால் வேகத்தில் இழப்பது அதைவிட மிகக் குறைவு என்பதால், அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறேன். மின்கட்டணத்தைத் தன் வருமானத்திலிருந்து கட்டுவதாக அவன் தாயிடம் ஒப்புக்கொண்டிருக்கிறான்.