இறால் தொட்டியில் வேண்டாத விருந்தாளிகள்

சென்ற வருடம் கோடை விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போனபோது, கூடத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டியை என் பேத்தி என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனாள். இரண்டடித் தொட்டி. அதில் நாற்பதுக்கு மேல் செர்ரி இறால்கள். குழம்பு வைக்கிற இறால் என்று நினைத்துவிடாதீர்கள். இவை ஒரு அங்குலத்துக்கு மேல் அதிகம் வளராத, குங்குமச் சிவப்பான நன்னீர் இறால்கள். பூர்வீகம் சீனா, தைவான் பக்கத்து ஓடைகள். எங்களுக்கு அம்பத்தூரிலிருந்து கிட்ட இருக்கும் கொளத்தூரில் கிடைத்தன. வண்ண மீன் வளர்க்கிற யாருக்கும் கொளத்தூரைத் தெரியாமல் இருக்காது.

"தாத்தா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு சின்ன உருண்டை போட்டா போதும்" என்று படித்துப் படித்துச் சொன்னாள். அரசாங்க ஆபீசில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவனுக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது கஷ்டமா என்று நீங்கள் சிரிக்கலாம். வீட்டில் அது முடியவில்லை. பாவம், பசிக்குமே என்று தினமும் இரண்டு வேளை போட்டேன்.

பத்தாம் நாள் கண்ணாடியில் வெள்ளை நூல் நூலாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய ஷேவிங் பிளேடால் சுரண்டினேன். நாலைந்து நாளில் முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது. முன்பு மீன் வளர்த்த காலத்து மருந்து பாட்டில் ஒன்று அலமாரியில் இருந்தது. ஊற்றினேன். மருந்து வேலை செய்தது. நூல்கள் போயின. மறுநாள் காலையில் இறால்களும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. மிஞ்சியது ஆறு.

அந்த நூலின் பெயர் ஹைட்ரா. எனக்கு வலித்தது என்னவென்றால், அதை நான் பள்ளியிலேயே படித்தவன். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியம். இயற்கை விஞ்ஞான நோட்டில் பென்சிலால் படம் வரைந்து, கீழே பிரெஞ்சில் 'இத்ர்' என்று பெயர் எழுதியிருக்கிறேன். ஆபிரகாம் திரம்ப்ளே என்று ஜெனீவாக்காரர் ஒருவர். ஹாலந்தில் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். 1740-இல் ஓடைத் தண்ணீரில் இதைக் கண்டு, செடியா பிராணியா என்று தெரிந்துகொள்ள இரண்டாக வெட்டிப் பார்த்தார். இரண்டு துண்டும் தனித்தனி ஹைட்ராவாக வளர்ந்துவிட்டன. 1744-இல் அதைப் பற்றி பிரெஞ்சில் பெரிய புத்தகமே எழுதினார். தலையை வெட்ட வெட்ட முளைக்கும் கிரேக்கப் புராணத்துப் பாம்பின் பெயர்தான் இதற்கு. இவ்வளவும் தெரிந்தவன் கையில் பிளேடை எடுத்தேன் பாருங்கள்!

பாட்டிலின் பொடி எழுத்தை லென்ஸ் வைத்துப் பிறகுதான் படித்தேன். காப்பர் சல்பேட். அதாவது மயில்துத்தம். நம் ரத்தத்தில் இரும்பு மாதிரி இறாலின் ரத்தத்தில் இருப்பது செம்பு. அதனால்தான் அது நீலம் பாய்ந்து இருக்கும். ஆனால் தண்ணீரில் கரைந்த செம்பு கொஞ்சம் கூடினாலும் இறாலுக்கு விஷம். மீன் தாங்குகிற அளவை இறால் தாங்காது. உடம்புக்கு நல்லது என்று செப்புக் குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கிறவர்கள், அதை இறால் தொட்டிக்கு ஊற்றிவிடாதீர்கள்.

என் கருத்து இதுதான். பூச்சி என்றதும் மருந்தைத் தேடுகிற பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. ஆள் யாரென்று விசாரிக்காமல் நோட்டீஸ் அனுப்பினால் ஆபீசில் மெமோ வரும். தொட்டியில் மட்டும் ஏன் அந்த விசாரணை இல்லை? ஒரு லென்ஸும் டார்ச்சும் போதும். விளக்கணைத்த பிறகு பாருங்கள்.

கண்ணாடியில் ராகி மணி போல ஓடுவது ஓட்டு ஜீவி; சாது. மண்ணிலிருந்து எழும்பி நெளிகிற மெல்லிய வெள்ளைப் புழு கழிவு தின்னி, அதுவும் சாது. தீனி அதிகமாகிவிட்டது என்று நமக்குத் தெரிவிக்க வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி வெட்டித் துள்ளும் வெள்ளைப் புள்ளி சைக்ளாப்ஸ். இந்தப் பெயர் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். நரம்புச் சிலந்தி வியாதி இதை விழுங்கியதால்தான் வந்தது. படிக்கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடி என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்களே! காலில் கிளம்பும் முழ நீளப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி எடுப்பார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. வியாதிக்காரர் தண்ணீரில் கால் வைத்தால்தான் சைக்ளாப்ஸுக்கே அந்தப் புழு தொற்றும். நம் தொட்டியில் அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

நிஜமான விரோதிகள் மூன்று பேர்தான். ஒன்று ஹைட்ரா. கொட்டும் கைகளால் இரண்டு மில்லிமீட்டர் இறால் குஞ்சைப் பிடித்துவிடும். பெரிய இறாலை ஒன்றும் செய்யாது. இரண்டாவது பிளனேரியா என்கிற தட்டைப்புழு. தலை முக்கோணமாக, அம்பு முனை மாதிரி இருக்கும். மாறுகண் போல இரண்டு புள்ளி. நெளியாது, கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும். இதையும் நசுக்கக் கூடாது, துண்டுக்கொன்று வளரும். மூன்றாவது ஊசித்தட்டானின் குஞ்சு. வாலில் மூன்று இலை இருக்கும். தாய் செடித் தண்டுக்குள் முட்டையிடுவதால், கடையில் வாங்கும் செடியோடு நம் வீட்டுக்கு வந்துவிடும். தாடையை நீட்டி இறாலைப் பிடிக்கும். கண்டவுடன் வலையில் எடுத்து வெளியே விட வேண்டியதுதான். அம்பத்தூர் ஏரிக் கரையில் பறக்க வேண்டிய பிள்ளை அது.

தட்டைப்புழுவுக்கு நான் இப்போது செய்வது: சின்ன மருந்துக் குப்பியின் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, உள்ளே துளி கோழிக்கறி வைத்து ராத்திரி தொட்டியில் இறக்குவேன். விடியற்காலையில் குப்பிக்குள் கூட்டம் கூடியிருக்கும். அப்படியே வெந்நீரில். (வீட்டம்மா சைவம்; கறி வாங்கி வருவது தனிக் கதை.) மிகவும் முற்றிப்போனால்தான் மருந்து. நாய்க்குப் பூச்சி மாத்திரையாகக் கொடுக்கும் பென்பென்டசோல் ஹைட்ராவையும் தட்டைப்புழுவையும் கொல்லும். அளவு மீறாவிட்டால் இறால் தாங்கும்; நத்தைகள் பல தாங்காது, முன்பே எடுத்துவிட வேண்டும். வெளிநாட்டில் விற்கும் இன்னொரு மருந்து நம் கொட்டைப்பாக்கின் சாறு! பாக்கில் இருக்கும் அரிக்கோலின் ஒரு காலத்தில் நாய்க்கு நாடாப்புழு மருந்து. அதற்காக வெற்றிலைப் பெட்டியைத் தொட்டியில் கவிழ்த்துவிடாதீர்கள். அளவு தெரியாமல் நான் ஊற்றியது போதும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தீனியைக் குறைக்க வேண்டும். நான் போட்ட இரண்டு வேளைச் சோறுதான் அந்த ஹைட்ராக்களை வளர்த்தது. மிச்சத் தீனியில் பெருகிய பொடி ஜீவிகளைத் தின்றுதான் அது பெருகியது.

பேத்தி ஊரிலிருந்து வந்து பெட்டியைக்கூட இறக்காமல் தொட்டியிடம் போனாள். நான் நடந்ததைச் சொன்னேன். அழவில்லை. "எத்தனை மிச்சம் தாத்தா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த ஆறில் ஒன்றின் வயிற்றில் மஞ்சள் முட்டைகள் இருப்பதை அவளே கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு மாதத்துக்குள் குஞ்சுகள்.

தீனி டப்பா இப்போது அவள் அலமாரியில், பூட்டி. எனக்குக் கொடுத்திருப்பது லென்ஸும் ஒரு நாற்பது பக்க நோட்டும். பழைய ரிஜிஸ்டர் மாதிரி கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இன்று காலைப் பதிவு: ஹைட்ரா 2, தட்டைப்புழு இல்லை, ஊசித்தட்டான் இல்லை, சைக்ளாப்ஸ் ஏராளம்.