திரையில் தமிழ் தமிழாகத் தெரிய வேண்டும்

கேரளத்தின் வகுப்பறைகளில் கரும்பலகைக்குப் பக்கத்தில் திரை வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தமிழ் வழிப் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. ஆனால் அந்தத் திரையில் தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்பதே கேள்வி.

நாகர்கோவில் ஆசிரியர் ஒருவர் விண்டோஸ் கணினியில், பவர்பாயிண்ட் கொண்டு, ஓர் இலக்கணப் பாடத்தைத் தயாரித்துத் திருவனந்தபுரத்து நண்பருக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே பள்ளிக் கணினியில் இருப்பது லினக்ஸ். கோப்பைத் திறப்பது லிப்ரெ ஆபீஸ் இம்ப்ரெஸ். திரையில் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கின்றன. எழுத்து தப்பினாலும் வரிகள் கட்டத்தைத் தாண்டி வழிகின்றன. சரிசெய்வதற்குள் மணி அடித்துவிடுகிறது.

இதற்குக் கேரளத்தின் கட்டற்ற மென்பொருள் கொள்கையைக் குறை கூறுவது நியாயமன்று. 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம், 2017-இல் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்துவதால் ரூ. 3,000 கோடி மிச்சமாகும் என்று 2019-இல் அது கணக்குக் காட்டியது. அதே மென்பொருளை ஏழை மாணவனும் காசில்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். இதைக் கைவிடச் சொல்வது, செருப்புக்கேற்பக் காலை வெட்டுவதாகும்.

கோளாறின் வேர் இரண்டு. முதலாவது, பழைய எழுத்துருக்கள். இவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி இடம் உண்டு. தமிழ்நாடு அரசே 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகும் பழைய பழக்கத்தை விடாதிருப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது.

இரண்டாவது, கோப்பின் வடிவம். ஒரே நிறுவனத்தின் மென்பொருளிலேயே 2007-இல் வடிவம் மாறியபோது, புதிய கோப்பைப் பழைய பதிப்பு திறக்கத் தனி இணைப்பு தேவைப்பட்டது. ஓ.டி.எஃப். என்னும் திறந்த வடிவம் 2006-இல் உலகத் தர அமைப்பின் ஒப்புதலைப் பெற்றது. 2009 முதல் மைக்ரோசாப்ட் ஆபீசும் அதைத் திறக்கிறது, சேமிக்கிறது. எனவே இரு தரப்பும் சந்திக்க இடம் இருக்கிறது. அசைவு வித்தைகள் சில இதிலும் மாறக்கூடும் என்பது உண்மையே. பாடத்துக்கு அவை இன்றியமையாதவை அல்ல.

பி.டி.எஃப். ஆக அனுப்பினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். காட்டுவதற்கு அது போதும், திருத்துவதற்கு உதவாது. குமரி மாவட்டத்து வகுப்புக்கு எழுதிய பாடத்தைக் கேரளப் பாடத்திட்டத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டுமென்றால், கோப்பு ஆசிரியரின் கைக்கு இசைய வேண்டும்.

மலையாளத்தில் பாடம் தயாரிப்போர் பலர். இங்கே தமிழில் தயாரிப்போர் சிலரே. அந்தச் சிலரின் உழைப்பும் எல்லை தாண்டும்போது சிதைந்தால், நஷ்டம் மாணவர்களுக்கே. தமிழ்ப் பாடக் கோப்புகள் யூனிகோடிலும் திறந்த வடிவிலும் இருக்க வேண்டும் என்று கல்வித் துறை அறிவுறுத்த வேண்டும். கட்டணமின்றிக் கிடைக்கும் பொது எழுத்துரு ஒன்றை இரு மாநில ஆசிரியர்களும் பேசி முடிவு செய்யலாம். பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் பணியைத் தமிழ் அமைப்புகள் ஏற்கலாம். இதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும்.